ஆவி போன இடம்

— பத்து சதம் வேணாம் மாப்ளே. அஞ்சுன்னு முடிச்சுக்குவோம்.

— இது பேரம் இல்ல மாமா. பாய்லர்ல இருந்து கிளம்புற ஆவியில பத்துல ஒரு பங்கு மெஷினுக்கு வந்து சேரல. நான் அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்.

— நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும், நான் இல்லைங்கல. நீங்க கொஞ்சம் இறங்குங்க, நான் கொஞ்சம் ஏறி வர்றேன். ஏழு. அதுக்கு மேல கட்டுப்படியாகாது.

— காணாமப் போன ஆவிக்குக் கூடவா பேரம் பேசுவீங்க?

— கையில இருக்கிற சரக்கு தானாப் பேசும் மாப்ளே. காணாமப் போன சரக்குக்குத்தான் நாம பேசணும்.

— சிம்பிளா சொல்றேன், கேளுங்க. மூணு மணிக்கு பிஸ்கட் கம்பெனி மேடம் வர்றாங்க. நாம அடிக்கிற அட்டைப்பெட்டியில முக்கால்வாசி அவங்களுக்குத்தான் போகுது. ஒரு பெட்டிக்கு எவ்வளவு எரிக்கிறீங்க, வீணாகுறதை எப்படி நிறுத்துனீங்கன்னு காட்டுங்க, இல்லைன்னா ஆர்டர் வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாங்க. அவங்க முன்னால போய் நின்னு, 'ஏழுன்னு வச்சுக்கலாம் மேடம்'னு சொல்லப் போறீங்களா?

— எடுத்த எடுப்புல ஏழு சொல்வேனா? அஞ்சுலதான் ஆரம்பிப்பேன்.

— மாமா.

— சரி, சரி. டீ சொல்லட்டுமா மாப்ளே? சூடா ஒரு வாய் உள்ள போனா கோவம் வெளிய போகும்.

— ஆறு மாசமா இதேதான் நடக்குது. நான் ஆவி எங்கேன்னு கேட்பேன், நீங்க டீ சொல்வீங்க.

— டீயிலயும் ஆவி வருதே, அதான்.

— குழாய் பூரா போர்வை சுத்தினேன். மூட்டுக்கு மூட்டு வாஷர் மாத்தினேன். சூடு காட்டுற கேமராவை வாடகைக்கு எடுத்து, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மெஷின் மெஷினா ஏறி இறங்கினேன். இப்போ எங்கே உஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலும் தூக்கம் கலைஞ்சிடுது. உங்க பொண்ணு மூச்சு விட்டாக்கூட எங்கே ஒழுகுதுன்னு எழுந்து உட்கார்றேன்.

— இதையெல்லாம் மாமனார்கிட்ட சொல்லலாமா?

— வேற யார்கிட்ட சொல்ல? இந்த ஃபேக்டரியில எனக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்களும் முகட்டைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்க.

— முகட்டைப் பார்க்கல மாப்ளே. மேல பார்க்குறேன். ஆவின்னா அது மேலதானே போகும்? மேல போனதைக் கீழ குனிஞ்சு தேடுனா கிடைக்குமா?

— பழமொழியா?

— பழமொழி இல்ல. வழி சொன்னேன்.

— உங்க வழியை எந்த மீட்டராலயும் அளக்க முடியல மாமா. விடுங்க. நானே கண்டுபிடிச்சுட்டேன்.

— என்னது?

— நேத்து சாயங்காலம் குடையைப் பிடிச்சுட்டு பாய்லர் ரூம் பின்னால போனேன்.

— மழையில எதுக்கு மாப்ளே அங்கெல்லாம் போறீங்க? புருஷனுக்குச் சளி பிடிச்சா பாப்பா என்னைத்தான் கேட்பா.

— மூணு நாளா மழை விடல. முற்றம் பூரா சேறு, கால் வச்சா செருப்பு வரமாட்டேங்குது. ஆனா பாய்லர் ரூம் சுவத்துல இருந்து காம்பவுண்டு சுவர் வரைக்கும், கோடு கிழிச்ச மாதிரி ஒரு இடம் மட்டும் காஞ்சு கிடக்கு. அதுல ஒரு பூனை மல்லாந்து படுத்துத் தூங்குது.

— பூனைக்கு நல்ல இடம் பார்க்கத் தெரியும்.

— பூனைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் வயிறு எரியுது. தரைக்கு அடியில ஒரு குழாய் போகுது மாமா. நம்ம வரைபடத்துல எங்கேயும் இல்லாத குழாய்.

— பழைய இடம் மாப்ளே. அடியில என்னென்னமோ போகும்.

— சுடச்சுடவா போகும்? காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லுங்க.

— அந்தப் பக்கம் நம்ம வீடு இருக்கு.

— வீட்டை விடுங்க. வீட்டை ஒட்டி?

— வீட்டை எதுக்கு மாப்ளே விடணும்?

— வீட்டை ஒட்டி லாண்டரி இருக்கு. அங்கே துவைச்ச துணி இந்த மழையிலயும் மொடமொடன்னு காயுது. அந்த லாண்டரியை நடத்துறது யாரு? நம்ம பாய்லர் ஓட்டுறாரே விசில், அவரோட மச்சான். இப்போ புரியுதா?

— ஐயையோ. விசிலு அப்படிப்பட்ட ஆள் இல்ல மாப்ளே.

— அப்போ எப்படிப்பட்ட ஆள்? காலையில எட்டு மணிக்குத்தான் மெஷின் ஓடுது. இவர் அஞ்சு மணிக்கே பாய்லரைப் பத்த வைக்கிறார். லீவு நாள்ல மெஷினே ஓடாது, அன்னைக்கும் புகைபோக்கியில புகை வருது. யாருக்காக எரியுது அது?

— அவன் பழைய ஆளு. பழக்கம் விடாது.

— பழக்கமா, திருட்டா?

— அந்த வார்த்தை வேணாம். அவன் மீசை கறுப்பா இருந்தப்போ இங்கே வந்தவன். பாப்பா அவனை சித்தப்பான்னுதான் கூப்பிடுவா.

— சித்தப்பாவா இருந்தா ஆவியை எடுத்து மச்சானுக்குக் கொடுக்கலாமா? மேடம்கிட்ட நான் ரெண்டே விஷயம் சொல்லப் போறேன். ஒண்ணு, ஆவி எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு, எடுத்த ஆளை வேலையை விட்டு அனுப்பியாச்சு. விசில் மூணு மணிக்கு இந்த கேட்டுக்குள்ள இருக்கக் கூடாது.

— விசிலை அனுப்ப முடியாது மாப்ளே.

— அப்போ நான் போறேன். வெளியூர்ல எனக்கு வேலை காத்துட்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். போனா நான் தனியாப் போக மாட்டேன். உங்க பொண்ணும் வருவா.

— இந்த வார்த்தைக்கு மேல நான் என்ன பேரம் பேச முடியும், சொல்லுங்க.

— பேசாதீங்க. அதைத்தானே ஆறு மாசமாக் கேட்கிறேன். இந்த ஃபேக்டரியில நான் உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்கேன்னா அது வீட்டு மொட்டை மாடியில இருக்கிற சோலார் வெந்நீர்த் தகடு ஒண்ணுதான். அதுக்குக் கூட முதல் நாளே தடை சொன்னீங்க.

— தடை சொல்லல மாப்ளே. குடோன் நிழல் விழுதேன்னுதான் சொன்னேன். வெயில் பன்னெண்டு மணிக்கு எட்டிப் பார்க்கும், ஒரு மணிக்குப் போயிடும்னு சொன்னேன்.

— நிழல்னு சொன்னீங்க. இன்னைக்கு என்ன ஆச்சு? காலையில ஆறு மணி. வெளிய மழை கொட்டுது. குழாயைத் திறக்குறேன், கை வைக்க முடியல. நல்ல தகடுன்னா மேகத்துக்குள்ள இருந்து வர்ற வெளிச்சமே போதும் மாமா. இதைத்தான் மேடம்கிட்ட ஃபோன்ல சொன்னேன். அவங்களால நம்பவே முடியல. மாடிக்கு ஏறிப் பார்க்கணும்னு சொல்லியிருக்காங்க.

— மாடிக்கா? படி வழுக்கும் மாப்ளே. பாசி பிடிச்சிருக்கு.

— தேய்ச்சு வைக்கச் சொல்லியாச்சு.

— மேடத்துக்கு முட்டி வலி இருக்கிற மாதிரி தெரிஞ்சுது, போன தடவை வந்தப்போ.

— நான் தூக்கிட்டுப் போறேன். மாமா, அவங்க பார்த்துட்டுப் போனதும் ஃபேக்டரிக் கூரை பூரா அதே தகடு போடப் போறேன். அட்டை ஒட்டுற பசைக்கு வேண்டிய வெந்நீர் முழுக்க மேல இருந்தே வரும். அப்புறம் இருக்கிற பாய்லரை வித்துட்டு, சின்னதா ஒண்ணு போதும்.

— பாய்லரை விக்கிறதா?

— ஏன், நெஞ்சைப் பிடிக்கிறீங்க?

— ஒண்ணுமில்ல. பாய்லரை வித்துட்டா, அந்தத் தகடு பாவம், தனியா ஆயிடுமேன்னு நினைச்சேன்.

— இது என்ன பேச்சுன்னு எனக்குப் புரியல. ஒரு கேள்விக்கு ஒரு பதில், நேரா, வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து நான் கேட்டதே இல்ல. விசிலைக் கூப்பிட்டிருக்கேன். அவர்கிட்டயாவது நேரான பதில் வருதான்னு பார்க்குறேன்.

— கூப்பிட்டீங்களாமே முதலாளி.

— வா விசிலு. கேட்டது நான் இல்ல, மாப்பிள்ளை. காலைத் துடைச்சுட்டு வா.

— வணக்கம் மாப்ள சார். அதாவது என்னன்னா, நான் உட்கார முடியாது. நெருப்பை விட்டுட்டு வந்திருக்கேன். மகராசி தனியா இருந்தா கத்துவா.

— யாரு கத்துவா?

— பாய்லரைத்தான் சொல்றான் மாப்ளே.

— விசில், அஞ்சு மணிக்கே எதுக்குப் பாய்லரைப் பத்த வைக்கிறீங்க?

— அதாவது என்னன்னா மாப்ள சார், ஆறு மணிக்குச் சூடு வேணும்ல.

— ஆறு மணிக்கு எந்த மெஷின் ஓடுது?

— மெஷின் ஓடல.

— அப்போ யாருக்குச் சூடு வேணும்?

— முதலாளி, சொல்லட்டுமா?

— எதைச் சொல்லப் போற? உனக்கு என்ன தெரியும்?

— எனக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள சார். முதலாளி சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.

— சரி, இதுக்காவது சொல்லுங்க. பாய்லர் ரூம்ல பின் சுவத்தோரம் ஒரு வால்வு இருக்கு. அது மேல எப்பவும் ஒரு சட்டை தொங்குது. ஏன்?

— அதாவது என்னன்னா, அது என் சட்டை. காயப் போட்டிருக்கேன்.

— ஆறு மாசமாவா காயுது?

— கெட்டித் துணி மாப்ள சார்.

— அந்தச் சட்டையை நான் காலையில எடுத்துப் பார்த்தேன். நீங்க டீ குடிக்கப் போன நேரம். அடியில இருந்த வால்வு முழுசாத் திறந்திருந்தது. அதை இறுக்கி மூடினேன். மூடினதும் மீட்டர்ல முள் அப்படியே இறங்குச்சு. நான் தேடுன பத்து சதம், புள்ளி மாறாம. அங்கேயே உட்கார்ந்து சிரிச்சேன்.

— மூடிட்டீங்களா? மாப்ளே, எப்போ மூடுனீங்க?

— ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். ஏன்?

— வீட்டுல எல்லாரும் குளிச்சாச்சா?

— என்ன கேள்வி மாமா இது? நான் திருட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கேன்.

— ஆமாமா. திருட்டுதான். சும்மா கேட்டேன். பாப்பா இன்னைக்குத் தலைக்குக் குளிக்கிறேன்னு சொன்ன ஞாபகம்.

— அதைத் திறந்தே வைக்கணும் மாப்ள சார். நான் போய் ஒரே ஒரு சுத்து மட்டும் திறந்துட்டு வந்துடறேனே.

— ஒரு அடி நகரக் கூடாது. விசில், கடைசியாக் கேட்கிறேன். அந்தக் குழாய் உங்க மச்சானோட லாண்டரிக்குத்தானே போகுது?

— முதலாளி.

— என்னைப் பார்க்காத விசிலு.

— போகுதுன்னு வச்சுக்குங்க மாப்ள சார்.

— வச்சுக்கிறதா, போகுதா? இந்த இடத்துல எல்லாருக்கும் இதே வியாதியா?

— சரி, போகுது. நான்தான் விட்டேன். எழுதிக்குங்க. எங்கே கைநாட்டு வைக்கணும்னு சொல்லுங்க, வச்சுட்டுப் போறேன்.

— உனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ல விசிலு.

— திருடனுக்கு எதுக்கு முதலாளி கையெழுத்து?

— மாமா, கேட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டார்.

— அவன் பொய் சொல்றான் மாப்ளே. அவனுக்குப் பொய்யே வராது, சட்டை காயுதுன்னு சொன்னப்பவே பார்த்தீங்கல்ல. அவன் மச்சான் கரி அடுப்புல துணி காயவைக்கிறான், மூச்சு முட்டிக்கிட்டு. போய்ப் பாருங்க.

— அப்போ இவர் ஏன் ஒத்துக்கணும்?

— எனக்கு வேண்டி.

— நீங்க எடுத்தீங்களா?

— நான் எடுக்கல. கொடுத்தேன்.

— யாருக்கு?

— அதை என் வாயால சொல்ல மாட்டேன்.

— ஏன்?

— நீங்க என் வீட்டு மாப்பிள்ளை.

— அதுக்கும் ஆவிக்கும் என்ன மாமா சம்பந்தம்?

— அந்தச் சம்பந்தம்தான் மாப்ளே, சம்பந்தம்.

— எனக்குத் தலை வலிக்குது. நிஜமாச் சொல்றேன், இந்த நிமிஷம் என் தலையில இருந்து வர்ற ஆவியிலயே ரெண்டு மெஷின் ஓட்டலாம். ஒருத்தர் எடுத்தேங்கிறார், எடுக்கல. ஒருத்தர் எடுக்கலங்கிறார், கொடுத்தேங்கிறார். வாங்கின ஆளைக் கேட்டா சம்பந்தம்னு சொல்றீங்க. விசில், உங்க சாமானை எடுத்துக்குங்க. எனக்கும் இதைச் சொல்லப் பிடிக்கல. ஆனா மேடத்துக்கு நான் யாரையாவது காட்டணும்.

— மாப்ள சார், ஒண்ணு மட்டும். நான் போனா ராத்திரிக் காவல்காரனைப் பாய்லருக்குப் போடாதீங்க. அவனுக்குச் சத்தம் புரியாது. எனக்கும் வேற வேலை வராது. அவ பக்கத்துலயே இருந்து இருந்து, வெளியக் காத்து பட்டா எனக்குக் காய்ச்சல் வருது. அவ்வளவுதான்.

— இருப்பா விசிலு. மாப்ளே, கடைசிப் பேரம். என் வாழ்க்கையில நான் இவ்வளவு இறங்கினதே இல்ல. பத்து சதமும் என் தப்புன்னு மேடம்கிட்ட சொல்லுங்க. கிழவனுக்குப் புத்தி மந்தம், ஒரு வால்வைத் திறந்து போட்டுட்டு மறந்துட்டான்னு சொல்லுங்க. நான் அவங்க முன்னால தலையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறேன். ஆனா இவன் இருக்கட்டும். மாடிக்கு மட்டும் யாரையும் கூட்டிட்டுப் போகாதீங்க.

— மறுபடியும் மாடியா? உங்களுக்கு என் தகடு மேல என்ன மாமா அவ்வளவு கோவம்?

— கோவமா? அந்தத் தகடு நல்லா இருக்கணும்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— முதலாளி, மேஜை மேல உங்க ஃபோன் அடிக்குது.

— அடிச்சு ஓயட்டும்.

— எடுங்க மாமா. வீட்டு நம்பர் மாதிரி இருக்கு.

— வீட்டு நம்பர்ங்கிறதாலதான் சொல்றேன். ஓயட்டும்.

— ஓய்ஞ்சு, மறுபடியும் அடிக்குது முதலாளி.

— சும்மா இரு விசிலு. ஹலோ. சொல்லு பாப்பா... என்னது?... தலையில நுரையோடவா நிக்கிற?... எவ்வளவு நேரமா?... இல்லம்மா, பாய்லர் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு... அந்தத் தகடு என்னைக்கும்மா சுட்டுச்சு, இன்னைக்குச் சுட... அதை நம்பி யாராவது ஷாம்பு போடுவாங்களா... சரி, கத்தாத. இங்கே கேட்குது... ஆமா, பக்கத்துலதான் நிக்கிறார்... சரி. சரிம்மா. சொல்லிடறேன்.

— என்னவாம் மாமா? எந்தத் தகடு சுடல?

— நான் வேணா வெளிய நிக்கட்டுமா முதலாளி?

— இங்கேயே நில்லுப்பா. விஷயம் உன்னைப் பத்தித்தான்.

— மாமா, அவ என்ன சொன்னா?

— என் வாயால சொல்ல மாட்டேன்னு சொன்னேன் மாப்ளே. சொல்லல. அவ சொன்னதைத்தான் அப்படியே சொல்றேன், ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம.

— சொல்லுங்க.

— விசில் சித்தப்பா இன்னைக்கு வால்வைத் திறக்க மறந்துட்டாராம். உங்களுக்குத் தெரியறதுக்குள்ள ஓடிப்போய்த் திறந்துவிடச் சொல்றா, மாப்ளே.